1968 டிஎஸ்21 (அமெரிக்க மாடல்): பச்சை ஆயில் ஊற்றிய பின் எழும்பவில்லை

கேள்வி:
கலிஃபோர்னியாவில் நிற்கும் சிட்ரோயன் டிஎஸ்21 கார் (சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தில் ஓடும் வண்டி). அமெரிக்காவில் புதிதாக விற்ற வண்டி, முன்விளக்குகளுக்குக் கண்ணாடி மூடி கிடையாது. முன்பு வைத்திருந்தவர் ஐரோப்பிய மேனுவலைப் பார்த்து எல்எச்எம் (பச்சை மினரல் ஹைட்ராலிக் ஆயில்) ஊற்றியிருக்கிறார். இப்போது பின்பக்கம் எழும்பவில்லை, பிரேக் பெடல் இறுகுகிறது, ரிட்டர்ன் ஹோஸ்கள் (ஆயிலை டப்பாவுக்குத் திருப்பும் ரப்பர் குழாய்கள்) பிசுபிசுவென்று உப்பியிருக்கின்றன. பம்ப் போய்விட்டதா?

பதில் 1:
பம்ப்பை விடுங்கள், எஞ்சினை முதலில் நிறுத்துங்கள். ஐரோப்பாவில் டிஎஸ் 1966 செப்டம்பரிலேயே பச்சை எல்எச்எம்முக்கு மாறிவிட்டது. அமெரிக்கச் சட்டம் மினரல் ஆயிலை அனுமதிக்காததால் அங்கே 1969 வரை சிவப்பு எல்எச்எஸ்தான் (மினரல் அல்லாத செயற்கை ஆயில்). அதனால் 1967, 68 அமெரிக்க வண்டிக்கு ஐரோப்பிய மேனுவலின் இந்தப் பக்கம் பொருந்தாது.

சோதனை எளிது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆயில் டப்பாவிலிருந்து சில சொட்டு விடுங்கள். எல்எச்எம் மேலே மிதக்கும், எல்எச்எஸ் கரைந்துவிடும். பம்ப், ஸ்பியர் (ஸ்பிரிங் வேலை செய்யும் நைட்ரஜன் உருண்டை), ரெகுலேட்டர் (ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) எந்த நிறம் என்றும் பாருங்கள். பச்சைப் பெயின்ட் இருந்தால் எல்எச்எம் பாகம், கறுப்பு என்றால் சிவப்பு சிஸ்டம்.

கேட்டவர்:
பாகங்கள் எல்லாம் கறுப்பு. சொட்டில் பாதி மிதந்தது, மீதி கரைந்து தண்ணீர் கலங்கியது.

பதில் 2:
அப்படியானால் இரண்டும் கலந்திருக்கிறது. சிவப்பு சிஸ்டத்தின் ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி உப்பும். உப்பிய சீல் பிரேக் வால்வையும் சஸ்பென்ஷன் சிலிண்டரையும் இறுக்கிப் பிடிக்கும். உங்கள் பெடல் இறுகுவது அதனால்தான். ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது. ரப்பர் ஒவ்வொன்றும் மாற வேண்டும்: சிலிண்டர் சீல்கள், ரிட்டர்ன் ஹோஸ்கள், பிரேக் சீல்கள், ஸ்பியர் டயஃப்ரம்கள் (உள்ளே ஆயிலையும் நைட்ரஜனையும் பிரிக்கும் ரப்பர்).

எப்படியும் எல்லாம் மாறுவதால் பச்சைக்கே போய்விடுங்கள் என்பேன். எல்எச்எஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும், எல்எச்எம் அப்படிச் செய்யாது. ஆனால் ஒரு பழைய சீல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் ரேக்கைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் திறக்க வேண்டாம்.

பதில் 3:
கழுவும் வரிசை முக்கியம். கழற்றிய இரும்புப் பாகங்களையும் பைப்களையும் முதலில் ஆல்கஹாலில் கழுவுங்கள், எல்எச்எஸ் அதில் கரையும். பிறகு மண்ணெண்ணெய், மினரல் ஆயில் அதில் போகும். கடைசியில் காற்றடித்து முழுக்க உலர்த்துங்கள். டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டரை மறக்காதீர்கள்.

ஸ்பியர்களில் நைட்ரஜன் அழுத்தம் முன்னால் 59 பார், பின்னால் 26 பார் (செடான்).

முதல் ஸ்டார்ட்டுக்கு ரெகுலேட்டரின் பிளீட் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்துங்கள், பம்ப்பின் உறிஞ்சு ஹோஸில் ஆயில் நிரப்புங்கள், ஐடிலில் ஓடவிட்டு, காற்று போனதும் இறுக்குங்கள். வண்டி எழும்பி ரெகுலேட்டர் 'டிக்' என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை டிக் டிக் என்றால் அக்யுமுலேட்டர் ஸ்பியரில் (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருண்டை) நைட்ரஜன் காலி, அல்லது உள்ளே கசிவு. உயர லீவரை உச்சத்தில் வைத்துத்தான் ஆயில் மட்டம் பாருங்கள். பிரேக்கிலும் காற்று எடுக்க வேண்டும்.

எந்தக் கட்டத்திலும் ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அழுத்தம் இறங்கினால் வண்டி தரையோடு படுத்துவிடும்.

பதில் 1:
முடித்ததும் டப்பாவின் மூடியில் பச்சைப் பெயின்ட் அடித்து 'எல்எச்எம் மட்டும்' என்று எழுதிவிடுங்கள். 1968 அமெரிக்க வண்டி என்று தெரிந்தவர் அடுத்து வந்தால் சிவப்பைத்தான் ஊற்றுவார்.