‘டிப்ஸ் பேயபிள்’: தமிழில் என்ன தலைப்பு?

பொருள்: பேரேட்டுத் தலைப்பு ஒன்றுக்குச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சிறு உணவகமும் முடிதிருத்தகமும் நடத்தும் தமிழர்களுக்கான கணக்குக் கையேட்டில் சம்பள அத்தியாயம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஒரே ஒரு தலைப்பு நிற்கிறது. வாடிக்கையாளர் கடன் அட்டையில் பில்லோடு சேர்த்துப் போடும் டிப்ஸ் முதலில் கடையின் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பணியாளர் கைக்குப் போகும்வரை அது தங்கும் கணக்குக்கு ஆங்கிலத்தில் ‘டிப்ஸ் பேயபிள்’, அதாவது கொடுக்கவேண்டிய டிப்ஸ், என்று பெயர். முதல் வரைவில் ‘டிப்ஸ் வருமானம்’ என்று இருந்தது. அது பிழை என்பதால் எடுத்துவிட்டேன்.

சொற்களைச் சோதிக்க ஒரு கணக்கு தருகிறேன். நியூ ஜெர்சியில் ஓர் உணவகம். சாப்பாடு 80.00 டாலர், விற்பனை வரி 6.625 விழுக்காடு, அதாவது 5.30. வாடிக்கையாளர் சீட்டில் டிப்ஸ் 16.00 என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். மொத்தம் 101.30. அட்டை நிறுவனம் 3 விழுக்காடு கட்டணமாக 3.04 எடுத்துக்கொண்டு 98.26ஐ வங்கியில் போடுகிறது.

அன்றிரவு குறிப்பேட்டில்: அட்டை வசூல் கணக்கு பற்று 101.30, விற்பனை வரவு 80.00, விற்பனை வரி வரவு 5.30, _______ வரவு 16.00. அந்தக் கோட்டில் என்ன எழுதுவது? இதுவரை வந்த சொற்கள்: இனாம், அன்பளிப்பு, ஊக்கத்தொகை.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

அம்மா, வணக்கம்.

மூன்றுமே பொருந்தாது. ‘இனாம்’ என்றால் சும்மா வந்தது என்ற தொனி. எட்டு மணி நேரம் தட்டு சுமந்தவருக்கு அதைச் சொல்லக்கூடாது. ‘அன்பளிப்பு’ வரிச் சட்டத்தில் வேறொன்று. டிப்ஸ் பணியாளரின் வருமானம். ‘ஊக்கத்தொகை’ முதலாளி கொடுப்பது.

‘டிப்ஸ்’ என்றே விட்டுவிடலாம் என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல். சமையல் டிப்ஸ், அழகு டிப்ஸ், தேர்வு டிப்ஸ் என்று அந்தச் சொல் துணுக்குக் குறிப்புக்குப் போய்விட்டது. ‘டிப்ஸ் கணக்கு’ என்று தேடினால் கணக்குப் பாடத்துக்கான குறிப்புகள்தான் வந்து விழும்.

என் முன்மொழிவு ‘உவந்தளிப்பு’. மனமுவந்து அளிப்பது. கட்டாயமில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

> கட்டாயமில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஐயா, இந்த ஒரு காரணத்துக்காகவே ‘உவந்தளிப்பு’ கையேட்டில் இருக்க வேண்டும். அமெரிக்க வருவாய்த் துறையின் 2012-18ஆம் எண் தீர்ப்புரை சொல்வதும் இதுதான். கட்டாயமின்றிக் கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்திருக்க வேண்டும். பேரம் பேசியோ கடையின் விதிப்படியோ வந்திருக்கக்கூடாது. யாருக்குப் போகவேண்டும் என்பதும் பொதுவாக அவர் விருப்பமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அது டிப்ஸ்தானா என்ற கேள்வி எழுந்துவிடும்.

ஆறு பேருக்கு மேல் வந்தால் பில்லில் தானாக 18 விழுக்காடு ஏறும் கடைகள் உண்டு. அது சேவைக் கட்டணம். கடையின் வருமானமாகவே எழுத வேண்டும். பணியாளருக்குப் பிரித்துக் கொடுத்தால் அது சம்பளம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2025 முதல் 2028 வரை தகுதியுள்ள டிப்ஸில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை பணியாளர் தம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த 18 விழுக்காட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. கணக்கர் இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டினால் பாதிக்கப்படுவது பணியாளர்தான்.

இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். அந்தச் சட்டம் ‘கேஷ் டிப்ஸ்’ என்கிறது. வரைவின் 4ஆம் பக்கத்தில் அதை ‘ரொக்க டிப்ஸ்’ என்று பெயர்த்திருக்கிறோம். படிப்பவர் அட்டையில் வந்ததற்குச் சலுகை இல்லை என்று நினைத்துவிடுவார். அட்டையில் வந்ததும் அதில் அடக்கம். விலக்கப்படுவது நுழைவுச்சீட்டு போலப் பொருளாகக் கொடுப்பது. ‘பணமாக வந்த டிப்ஸ்’, ‘பொருளாக வந்த டிப்ஸ்’ என்று மாற்றினால்தான் சரி. இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: சலுகை வருமான வரிக்கு மட்டும். சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமான 7.65 விழுக்காடு முன்போலவே பிடிக்கப்படும். முதலாளியும் தம் பங்காக இன்னொரு 7.65 கட்ட வேண்டும். இந்த 16 டாலருக்கு அது 1.22.

ஆனால் அம்மா கேட்டது வேறு. டிப்ஸுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அது தங்கும் கணக்குக்குக் கிடைக்கவில்லை. ‘உவந்தளிப்புக் கணக்கு’ என்று மட்டும் எழுதினால் வருமானமா பொறுப்பா என்று தெரியாது. சிறு கடைகளில் நடக்கும் பெரிய தவறே இந்த இடத்தில்தான். வங்கியில் வந்த 98.26ஐ அப்படியே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். விற்பனை 18.26 கூடிப்போகிறது. அதன்மேல் வரி போட்டால் 6.51, கட்டவேண்டியதோ 5.30. ஒரு மேசைக்கே 1.21 டாலர் வீண். அட்டைக் கட்டணம் செலவாகவே பதிவாகாது, டிப்ஸ் கடையின் லாபமாகத் தெரியும்.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

வணக்கம் அண்ணை.

இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கு. வரவேண்டியது வருமதி, கொடுக்கவேண்டியது சென்மதி. ‘டிப்ஸ் சென்மதி’ என்றால் கணக்கு படித்த எவருக்கும் அது பொறுப்பு என்று விளங்கும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் ‘கொடுபட வேண்டிய’ என்பதைவிடக் கையடக்கம். கணினித் திரையில் நீண்ட தலைப்புக்கு இடம் கிடைக்காது என்பதையும் பாருங்கோ.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

தம்பி, ‘சென்மதி’ அருமையான சொல். தமிழ்நாட்டில் அது பரவாமல் போனது நமக்குத்தான் இழப்பு. ஆனாலும் இந்த இடத்துக்கு எனக்கு ஒரு தயக்கம்.

காய்கறிக்காரருக்குத் தரவேண்டியதும் சென்மதி. அது கடை வாங்கிய கடன். அட்டையில் வந்த டிப்ஸ் கடை வாங்கிய கடனில்லை. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடச் சொன்ன பணம். காய்கறிக்காரரிடம் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று தவணை கேட்கலாம். டிப்ஸில் அந்த உரிமை இல்லை. கூட்டாட்சி விதிப்படி அந்தச் சம்பளக் காலத்துக்குரிய சம்பள நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அட்டை நிறுவனத்திடமிருந்து இன்னும் பணம் வரவில்லை என்று நிறுத்திவைக்க முடியாது. 2018 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதலாளியோ மேலாளரோ பணியாளரின் டிப்ஸில் பங்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்த வேறுபாட்டைத் தலைப்பே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பழைய வழக்கில் ‘அமானத்து’ இருந்தது, ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். பொருளளவில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் அது திரிந்து ‘அனாமத்து’ ஆகி, இன்று ‘அனாமத்துக் கணக்கு’ என்றால் எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைகளை நிறுத்திவைக்கும் இடம். ஆள் தெரிந்த பணத்தை ஆளில்லாப் பணம் ஆக்கிவிடுவோம்.

எனவே ‘கையடை’. கம்பராமாயணத்தில் தயரதன் இராமனை முனிவரிடம் ஒப்புவிக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே பெயர். ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது, அவருக்குச் சொந்தமாகாதது. ‘டிப்ஸ் கையடை’. இன்னொரு வசதியும் உண்டு. வசூலித்த விற்பனை வரியும், சம்பளத்தில் பிடித்த வரியும் இதே இயல்புடையவை. மூன்றையும் ‘கையடைகள்’ என்று ஒரே பிரிவில் வைத்தால், வங்கி இருப்பில் எவ்வளவு தன் பணம் என்று கடைக்காரருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சேவைக் கட்டணத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ‘சேவைக் கட்டணக் கையடை’ என்றால் காதுக்கே பொருந்தவில்லை. பொருந்தவும் கூடாது.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

> எனவே ‘கையடை’.

ஒரே ஒரு மறுப்பு. கையூட்டு, கையடை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒலிக்கின்றன. ‘பணியாளர் கையடை’ என்று எழுதினால் லஞ்சம் என்று படிப்பவர்கள் இருப்பார்கள். தனியாக எழுதாமல் எப்போதும் முன்சொல்லோடு, ‘டிப்ஸ் கையடை’, ‘வரிக் கையடை’ என்றே எழுதினால் தப்பலாம். அந்தக் கட்டுப்பாட்டோடு எனக்குச் சம்மதம்.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

‘டிப்ஸ் கையடை’க்கு என் ஆதரவும். பெயரோடு அந்தக் கணக்கு எப்படி நடக்கும் என்பதையும் எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் பெயர் மாறும், தவறு மாறாது.

அட்டையைத் தேய்க்கும்போது ஒப்புதல் கிடைப்பது 85.30க்கு மட்டும். 16.00ஐ அதன்பின் பணியாளர்தான் கருவியில் ஏற்ற வேண்டும், அதுவும் இரவில் பேட்சை, அதாவது அன்றைய அட்டை வரவுகளின் தொகுப்பை, மூடி அனுப்புவதற்கு முன். மறந்தால் சீட்டில் கையெழுத்து இருக்கும், வங்கிக்குப் பணம் வராது. ஆகவே கையடையில் எழுதவேண்டிய தொகையைச் சீட்டுகளைக் கூட்டி எடுக்காதீர்கள்; பேட்ச் அறிக்கையிலிருந்து எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மூடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இப்படி ஏற்றுவதற்குக் கருவியில் வரும் ‘டிப் அட்ஜஸ்ட்’ என்பதற்கு ‘டிப்ஸ் ஏற்றம்’ போதும்.

வங்கியில் பணம் விழும் நாளில்: வங்கி பற்று 98.26, அட்டைக் கட்டணம் பற்று 3.04, அட்டை வசூல் கணக்கு வரவு 101.30. கையடையை அன்று தொடவே வேண்டாம்.

அட்டைக் கட்டணத்தில் டிப்ஸின் பங்கு 48 சென்ட். அதைப் பணியாளரிடம் பிடிக்கலாமா? கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது, அந்த விகிதத்துக்கு மேல் போகாமலும், குறைந்தபட்சக் கூலி குறைந்துவிடாமலும் இருந்தால். கலிபோர்னியாவில் ஒரு சென்ட் கூடப் பிடிக்கக்கூடாது, 16.00ம் முழுதாகப் போக வேண்டும். கையேட்டில் இரண்டு வரி போதும்: பிடித்தால் கையடை பற்று 16.00, ரொக்கம் வரவு 15.52, அட்டைக் கட்டணம் வரவு 0.48, பிடிக்காவிட்டால் கையடை பற்று 16.00, ரொக்கம் வரவு 16.00. எந்த மாநிலத்துக்கு எது என்பதை அந்தந்த மாநில விதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலர் அன்றிரவே கல்லாவிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கையடைப் பற்றை எழுத மறந்தால் கல்லாவில் 16 டாலர் குறைகிறது என்று காசாளர் மேல் பழி விழும். கையெழுத்து வாங்கிய சீட்டைக் கல்லாவிலேயே வையுங்கள்.

சம்பள நாளில் இன்னொரு சிக்கல். கொடுத்து முடித்த டிப்ஸையும் சம்பளப் பட்டியலில் வருமானமாகக் காட்டியே ஆகவேண்டும், வரி பிடிப்பதற்காக. பிறகு அதே தொகையை ‘ஏற்கெனவே கொடுத்த டிப்ஸ்’ என்று கழிக்க வேண்டும். வருமானமாகக் காட்டிவிட்டுக் கழிக்க மறந்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். இரண்டையுமே விட்டுவிட்டால் பணியாளருக்குத் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில், டிப்ஸுக்கான 7ஆம் கட்டம் காலியாக இருக்கும். பணியாளரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கிலும் அந்த உழைப்பு ஏறாது. அவர் அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் வாங்கும்போது குறைவது இதனால்தான். என்னைக் கேட்டால் இந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

டெக்சாஸ் போலக் கூட்டாட்சி அளவையே பின்பற்றும் இடங்களில் முதலாளி தரும் கூலி மணிக்கு 2.13 டாலர் வரை இறங்கலாம், டிப்ஸ் சேர்ந்து 7.25ஐ எட்டினால். வாரம் 30 மணி நேரத்துக்கு 63.90. டிப்ஸ் 400 வந்திருந்தால், 463.90க்கு 7.65 விழுக்காடு 35.49. மிச்சம் 28.41. அதிலிருந்துதான் வருமான வரியும் பிடிக்க வேண்டும். சம்பளக் காசோலை பூஜ்யமாக வருவது இதனால். பிடிக்கும் வரிசையும் உண்டு: முதலில் கூலி மீதான வரிகள், அடுத்து டிப்ஸ் மீதான 7.65, கடைசியாக டிப்ஸ் மீதான வருமான வரி. மாதம் 20 டாலருக்குக் குறையாமல் டிப்ஸ் பெறுபவர் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

சம்பளம் கொடுத்த மறுநாள் டிப்ஸ் கையடையில் அந்தச் சம்பளக் காலத்துக்குரிய இருப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். வரவில் நின்றால் யாருக்கோ போகவேண்டியது போகவில்லை. பற்றில் நின்றால் ஏற்றாத டிப்ஸைக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது ஒரே டிப்ஸ் இருமுறை போயிருக்கிறது.

---

பொருள்: மறுமொழி: பேரேட்டுத் தலைப்பு

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

டிப்ஸ் கையடை: வாடிக்கையாளர் மனமுவந்து அட்டை வழியாகக் கொடுத்து, பணியாளரிடம் சேர்ப்பதற்காகக் கடையின் பொறுப்பில் இருக்கும் தொகை. நடப்புப் பொறுப்பு. விற்பனையில் சேராது. பில்லில் கட்டாயமாக ஏற்றும் சேவைக் கட்டணம் இதில் வராது. இலங்கை வழக்கில்: டிப்ஸ் சென்மதி.

‘உவந்தளிப்பு’ சட்ட விளக்கப் பகுதியில் டிப்ஸுக்கு இணைச்சொல்லாக வரும். ‘ரொக்க டிப்ஸ்’ என்று இருந்த ஐந்து இடங்களையும் திருத்திவிட்டேன். மேசைப் பணியாளர் தம் டிப்ஸிலிருந்து பாத்திரம் எடுப்பவருக்கும் பரிமாற உதவுபவருக்கும் பகிர்ந்து தருவதை ‘டிப்ஸ் பங்கு’ என்றும், எல்லாருடையதையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிப்பதை ‘டிப்ஸ் பொதுக்கூடு’ என்றும் வைத்திருக்கிறேன். இரண்டாவது எனக்கே நிறைவாக இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடுவேன்.