இரண்டு நாளில் பொள்ளாச்சி, வால்பாறை, அதிரப்பள்ளி: எந்த வரிசையில் போவது?

சேலம்_மாங்கனி கேட்டது:

வணக்கம். அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளி இரவு பொள்ளாச்சியில் தங்கிவிட்டு, சனி ஞாயிறு மலைப்பக்கம் காரில் சுற்றலாம் என்று இருக்கிறோம். பட்டியலில் இருப்பவை: டாப்சிலிப், ஆழியாறு, கவியருவி, வால்பாறை, நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை, அதிரப்பள்ளி. ஞாயிறு இரவுக்குள் சேலம் திரும்ப வேண்டும். பெட்ரோல் கார், ஏஎம்டி கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாறுவது). நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டுவோம், ஆனால் இருவருக்குமே கொண்டை ஊசி வளைவு பழக்கமில்லை. கூட 8 வயது மகளும், முழங்கால் வலி உள்ள மாமியாரும். இது இரண்டு நாளில் அடங்குமா? எதை விடலாம்?

ஆழியாறு40:

முதல்ல டாப்சிலிப்பை எடுத்துடுங்க. வரைபடத்துல வால்பாறைக்குப் பக்கத்துல தெரியும், ஆனா அங்கிருந்து உங்களுக்கு நேர் ரோடு கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியா தனியா போகணும், திரும்பவும் அதே வழியாத்தான் இறங்கணும். பரம்பிக்குளமும் அந்தப் பக்கம்தான். அதுக்கு இன்னொரு வாரக்கடைசி ஒதுக்குங்க.

மீதியெல்லாம் ஒரே ரோட்டுல வரிசையா வருது. பொள்ளாச்சி–ஆழியாறு சுமார் 24 கி.மீ., அங்கிருந்து வால்பாறை 40 கி.மீ., 40 கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவுலயும் எண் போட்ட பலகை இருக்கும், பாப்பாவை எண்ணச் சொல்லுங்க. ஆறு, ஆறரைக்குப் பொள்ளாச்சியை விட்டா வெயில் ஏறுறதுக்குள்ள 9-வது வளைவுக்கு வந்துடலாம். அதுதான் லோம்ஸ் வியூ. இந்த ரோட்டைப் போட்ட எஞ்சினியர் பேருல இருக்குற இடம். கீழே ஆழியாறு அணை முழுசாத் தெரியும். வரையாடு ரோட்டோரத்துலயே நிக்கும். தீனி போடாதீங்க, தொட்டுப் படம் எடுக்கப் போகாதீங்க, வனத்துறை வழக்குப் போடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி இ-பாஸ் எடுத்துருங்க. 2025 நவம்பர் 1-லிருந்து ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வால்பாறைக்கும் கட்டாயம். வண்டி எண், ஆள் எண்ணிக்கை, தங்கும் தேதி எல்லாம் இணையத்துல போட்டா கிடைச்சுடும். ஆழியாறு சோதனைச் சாவடியில போய் நின்னுக்கிட்டு போன்ல பதிவு பண்ணலாம்னு நினைச்சா வரிசையில காலை நேரம் போயிடும். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலை இறக்கி வைக்கச் சொல்லுவாங்க.

இனி ஏஎம்டி பத்தி. ஏத்தத்துல ‘டி’-யில விட்டா வளைவு நடுவுல கியர் மாறும், இழுவை ஒரு நொடி அறுந்து வண்டி தயங்கும். அதனால மேனுவல் பக்கம் தள்ளி, வளைவுக்கு முன்னாடியே ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ கொண்டு வந்துடுங்க. இடது பக்கம் திரும்புற ஏத்த வளைவுல நாம உள்வட்டத்துல போறோம், அதுதான் செங்குத்து. அங்க ஒண்ணாம் கியர்தான். வரிசையில நிக்க வேண்டி வந்தா ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுப் பிடிச்சு வைக்காதீங்க. ஏஎம்டி உள்ளுக்குள்ள சாதாரண கிளட்ச்தான், பாதி பிடிச்ச நிலையில சூடேறிக் கருகும், பிறகு கியரே விழாம எச்சரிக்கை விளக்கு வரும். கைப்பிரேக் போட்டு நில்லுங்க, கிளம்பும்போது ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி இழுக்குறது தெரிஞ்சதும் கைப்பிரேக்கை விடுங்க.

மேலே இருந்து பஸ் வந்தா வளைவுக்குள்ள போய் நிக்காதீங்க, 15–20 மீட்டர் கீழேயே ஒதுங்கிடுங்க. பஸ்ஸுக்கு வளைவோட முழு அகலமும் வேணும். நீங்க உள்ள நின்னுட்டா அதுவும் நகராது, நீங்களும் பின்னாடி எடுக்க முடியாது.

தேயிலைமேடு:

மேலே சொன்னதோட இன்னும் கொஞ்சம். அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் வந்தா மூடுபனி சட்டுனு இறங்கும். ஹைபீம் போட்டா வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும். லோபீம், பனிவிளக்கு போதும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஓட்டாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியாது.

ஐயர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி புதுத்தோட்டம். அங்க சிங்கவால் குரங்கு கூட்டம் ரோட்டுக்கே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் இயற்கையா இல்லாத குரங்கு அது. ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டியிருக்குற பாலங்கள் அதுங்க கடக்கத்தான். ஜன்னல்ல இருந்து சிப்ஸ் நீட்டினா அதுங்க தார்ரோட்டுக்கு இறங்கிப் பழகிடும், அடுத்த வண்டியில அடிபடும். தயவுசெஞ்சு வேண்டாம். வண்டியை ஓரமா நிறுத்தி கண்ணாடியை ஏத்திட்டே பாருங்க, பாப்பாவுக்கு அதுவே நல்லாத் தெரியும்.

நல்லமுடி பூஞ்சோலைக்கு முடீஸ் பக்கம் போகணும், எஸ்டேட் ரோடு, வேகம் வராது. நிறுத்துற இடத்திலிருந்து கொஞ்சம் நடக்கணும். மதியத்துக்கு மேல பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடிடும், அக்டோபர்ல மழையும் வரும். சனிக்கிழமை வால்பாறையில டிபன் முடிச்சதும் 11 மணிக்குள்ள அங்க இருங்க. அம்மாவுக்கு முட்டி வலின்னா வண்டிப் பக்கமே உட்கார வைக்கலாம், தேயிலைச் சரிவு அங்கிருந்தே அழகுதான்.

கூழாங்கல் ஆறு ரோட்டோரமா, முழங்கால் அளவு தண்ணியோட பார்க்கச் சாதுவா இருக்கும். வழுக்குப் பாறை, திடீர்னு ஆழம், மேல பெய்யுற மழை கீழ வர்ற நேரம் யாருக்கும் தெரியாது. வால்பாறை ஆறுகள்ல உயிர்கள் போயிருக்கு. கரையில நின்னு கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க, பாப்பா கையை விடாதீங்க.

தங்குற இடம் பத்தி ஒரு விஷயம். ஹோம்ஸ்டே படத்தைப் பார்த்துப் பதிவு பண்றதுக்கு முன்னாடி டவுனிலிருந்து எத்தனை கிலோமீட்டர், கடைசி ரோடு தார் ரோடா மண் ரோடா, உங்க கார் அடி தட்டாம வருமான்னு கேளுங்க. இருட்டினதுக்கு அப்புறம் எஸ்டேட் ரோட்டுல நடக்கவே கூடாது, சிறுத்தை நடமாட்டம் உண்டு. தேயிலைக்காட்டுல உயரமான கம்பத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சா பக்கத்துல யானை நிக்குதுன்னு அர்த்தம், அந்த வழியை விட்டுடுங்க.

சேலம்_மாங்கனி:

மிக்க நன்றி. டாப்சிலிப்பை விட்டாச்சு. அதிரப்பள்ளியைச் சேர்ப்பதா, இல்லை வந்த வழியே ஆழியாறுக்கு இறங்குவதா என்பதில்தான் குழப்பம்.

சாலக்குடிவழி:

காலை 7 மணிக்கு வால்பாறையை விட முடியும் என்றால் சேருங்கள். 9 மணிக்குத்தான் கிளம்புவீர்கள் என்றால் வேண்டாம்.

காரணம் காடு. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை சுமார் 26 கி.மீ., வழியில்தான் சோலையாறு அணை. மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை சுமார் 50 கி.மீ. அடர்ந்த காடு. இரு முனையிலும் வனத்துறைச் சோதனைச் சாவடி, இரவில் மூடிவிடுவார்கள். நுழையும்போது வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துச் சீட்டுத் தருவார்கள், மறுமுனையில் அதைப் பார்ப்பார்கள். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படமெடுப்பது, சாப்பிடுவது எதுவும் கூடாது. ஒற்றை வண்டி அகலச் சாலை என்பதால் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மழை அதிகமானால் மண்சரிவால் அடைத்துவிடுவதும் உண்டு. ஆகவே சனி மாலையே தங்கும் இடத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பெட்ரோல் பொள்ளாச்சியிலேயே முழு டேங்க். காட்டுக்குள் போன் சிக்னலும் கடையும் இருக்காது. கழிவறை, டீ எல்லாம் மளுக்கப்பாறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யானை எதிரே வந்தால் ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவும் வேண்டாம். எஞ்சினை அணைக்காமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வருபவர்கள் ஒட்டி நின்றால் உங்களால் எடுக்க முடியாது, எனவே முன் வண்டியோடு நீங்களும் ஒட்டிப் போகாதீர்கள். 2022 நவம்பரில் கபாலி என்று அழைக்கப்படும் கொம்பன் யானை இதே சாலையில் எதிரே வந்தபோது, ஒரு பேருந்தை ஓட்டுநர் 8 கி.மீ. பின்னாலேயே ஓட்டிவந்து பயணிகளைக் காப்பாற்றினார். அவ்வளவு பொறுமை தேவைப்படும் சாலை இது.

7 மணிக்குக் கிளம்பினால் பத்தரை, பதினொன்றுக்கு வாழச்சால். அடுத்து சார்ப்பா அருவி, சாலையோரத்திலேயே விழும். உங்கள் மாமியார் காரிலிருந்தே பார்க்கலாம். அதிரப்பள்ளியில் அருவியின் தலைப்பக்கம் வரை பாதை பரவாயில்லை, அடிவாரம் இறங்குவது செங்குத்து. முழங்கால் வலியோடு இறங்கினால் ஏறுவதுதான் சிக்கல். ஒருவர் மகளோடு இறங்கட்டும், ஒருவர் மேலே இருக்கட்டும். நுழைவுச்சீட்டு வாழச்சால், அதிரப்பள்ளி இரண்டுக்கும் சேர்த்தே செல்லும், வாழச்சாலில் எடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள். சாலக்குடி நோக்கிப் புறப்பட்டதும் சாலையிலிருந்தே முழு அருவியும் தெரியும் இடம் வரும். எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

ஒன்றரைக்குள் கிளம்பினால் சாலக்குடி, திருச்சூர், குதிரான் சுரங்கம், வாளையாறு வழியாகக் கோவை சுமார் ஆறு மணி, சேலம் ஒன்பதரை. நேரம் இருந்தால் வடக்கஞ்சேரியில் நெடுஞ்சாலையை விட்டு நெம்மாரா, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி வரலாம். வயலும் பனையும், பின்னால் சுவர்போல மலையும். ஆனால் திங்கள் வேலை இருந்தால் நெடுஞ்சாலைதான் சரி.

ஆழியாறு40:

நானும் அதையேதான் சொல்லுவேன், ஒரு காரணம் கூட. புதுசா ஓட்டுறவங்களுக்கு ஏத்தத்தை விட ஆழியாறு இறக்கம்தான் கஷ்டம், அதிரப்பள்ளி வழியா போனா அது தப்பிச்சுடும். மழையில காட்டுப்பாதை அடைச்சு, அதே வழியா இறங்க வேண்டி வந்தா, ஏறின அதே கியர்லயே இறங்குங்க. பிரேக்கை அழுத்திக்கிட்டே வராம, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாங்க. கருகின வாசனை வந்தாலோ பெடல் உள்ள போனாலோ அகலமான இடத்துல நிறுத்தி 20–30 நிமிஷம் ஆற விடுங்க. சக்கரத்துல தண்ணி ஊத்தக் கூடாது, சூடான டிஸ்க் வளைஞ்சுடும். கவியருவியை அப்போ இறங்குற வழியில பார்த்துக்கலாம், வெள்ளம்னு மூடலைன்னா.

பாப்பாவுக்கு வாந்தி வரும்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையை ஆழியாறுக்கு அரைமணி முன்னாடி கொடுங்க. வளைவு ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா பிரயோஜனமில்ல.