பள்ளிக்கரணையில் கொட்டும் கழிவுநீர் லாரி: புகார் கொடுக்கலாமா, வேண்டாமா? (ஜூலை 2020)

கயல்: இன்று விடியற்காலை ரேடியல் ரோடு ஓரம் ஒரு லாரி பின்வாங்கி, மழைநீர் வடிகாலுக்குள் குழாயைச் செருகியது. பத்தே நிமிடத்தில் டேங்க் காலி. அந்த வடிகால் நேரே சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலக் காட்டுக்குள் போகிறது. கரையில் ஒரு முக்குளிப்பான், முதுகில் இரண்டு குஞ்சுகளோடு, கறுப்பு நுரைக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தது. ஊரடங்கில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம். வண்டி எண்ணோடு புகார் எழுதுகிறேன். யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

செந்தில்_துரைப்பாக்கம்: நான் போடமாட்டேன். எங்களை மாநகராட்சியில் சேர்த்தது 2011-ல். எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. நான்கு மாதமாக எல்லாரும் வீட்டிலேயே இருப்பதால் செப்டிக் டேங்க் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. போன மாதம் லாரி வர நான்கு நாள் ஆனது. கழிப்பறைத் தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது, அம்மாவுக்கு எழுபது வயது. லாரியை நிறுத்திவிட்டால் நாங்கள் என்ன செய்வது? அப்புறம், அது காடும் இல்லை, சதுப்பு. இந்தத் தண்ணீரும் வராவிட்டால் கோடையில் காய்ந்துபோகும்.

கயல்: அரசுக் கணக்கில் அது காடுதான். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். சுத்திகரித்த தண்ணீர் வந்தால் நானும் சந்தோஷப்படுவேன். மலம் கலந்த தண்ணீர் சதுப்புக்கு உரம் போட்ட மாதிரி. ஆகாயத்தாமரையும் சம்புப் புல்லும் மதமதவென்று வளர்ந்து நீரை மூடிவிடும். அவை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். பூநாரை இரை தேடச் சேற்றோடு கூடிய ஆழமில்லாத திறந்த நீர் வேண்டும், புதருக்குள் அது இறங்காது.

பெரும்பாக்கம்_ராபின்: எங்கள் குடியிருப்பில் பயமே வேறு. அகமதாபாத் சாக்கடை நீரில் கொரோனா மரபணு இருந்ததாம். மழை வந்தால் இந்தத் தண்ணீர்தானே எங்கள் கீழ்த்தளத்துக்குள் வரும்?

தேவி_லேப்: ராபின் தம்பி, மரபணு கிடைத்தால் தொற்றவைக்கும் வைரஸும் இருக்கிறது என்று ஆகாது. சாக்கடை வழியாக கொரோனா பரவுவதாக இதுவரை நிரூபணம் இல்லை. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் நிச்சயம் பரவும். ஆஸ்பத்திரிகள் ஏற்கெனவே நிரம்பிவழியும் நேரத்தில் அதுவே பெரிய ஆபத்து. எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. தெருத்தெருவாக அடிக்கிற கிருமிநாசினியும் மழையில் கரைந்து இதே வடிகாலுக்குள்தான் போகும். குளோரின் மீனுக்கு விஷம்.

செந்தில்_துரைப்பாக்கம்: எங்கள் தெருவுக்கு வரும் லாரிக்காரரிடமே கேட்டேன். முறையாக இறக்கும் இடத்துக்குப் போனால் இரண்டு மணி நேரம் வரிசையாம். அதற்குள் இன்னொரு டிரிப் அடித்துவிடலாம் என்கிறார். செய்வது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினக்கூலி டிரைவர்மேல் மட்டும் வழக்குப் போட்டு என்ன பிரயோஜனம்?

கயல்: நியாயம்தான். மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். முதல் கோரிக்கை உங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை. இரண்டாவது, இரவிலும் கழிவுநீர் இறக்க வசதி. மூன்றாவதாக, வடிகாலில் கொட்டும் வண்டிகளின் உரிமையாளர்மேல் நடவடிக்கை.

செந்தில்_துரைப்பாக்கம்: அப்படியென்றால் கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் தெருவில் இன்னும் முப்பது பேரிடமும் வாங்கித் தருகிறேன். வண்டி எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கயல்: அதை எடுக்கமாட்டேன் செந்தில். கையில் இருக்கும் ஆதாரமே அது ஒன்றுதான்.