1971 புல்லட்: எல்லாம் பூட்டியாயிற்று, கிக்கர் திருப்பி அடிக்கிறது

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1971இல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியை இரண்டரை ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சீரமைத்து, இப்போது ஏறத்தாழ முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் எஞ்சின் முழுவதும் இறுகிப்போயிருந்தது. சிலிண்டரைப் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்கை மாற்றி, சக்கரங்களுக்குப் புதிய ஸ்போக் கட்டி, ஆறு வோல்ட் வயரிங்கையும் புதிதாக இழுத்தாயிற்று.

சென்ற ஞாயிறன்று முதன்முறையாக உதைத்தபோது, எஞ்சின் ஒரே ஒரு முறை வெடித்து, கிக்கர் (உதைத்துக் கிளப்பும் மிதி) திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது. அடுத்த நாளும் அதேதான் நடந்தது. பாயிண்ட் (திறக்கும்போது பொறியை விழச்செய்யும் தொடுமுனை) இடைவெளியை 0.38 மி.மீ. வைத்திருக்கிறேன், கண்டன்சர் புதியது, பிளக்கில் பொறி நன்றாக வருகிறது. எதைத் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. டேங்குக்கு எண்பதுகளில் யாரோ சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் முழங்கால் படும் ரப்பரைக் கழற்றியபோது, அதனடியில் உள்ளங்கை அளவுக்கு ஆலையில் பூசிய கறுப்பு வண்ணம் மங்காமல் இருந்ததைக் கண்டேன். டேங்க் முழுவதையும் சுரண்டிக் கறுப்பாக்குவதா, இப்படியே விடுவதா? அடுத்து, ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது; ஆனால் பதிவைப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழமை வாகனமாகப் பதிய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தந்தையாருக்கு எழுபத்தாறு வயது. அவர் நலமாக இருக்கும்போதே இந்த வண்டி தெருவில் ஓட வேண்டும் என்பது என் ஆசை.

ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

தம்பி, முதலில் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் வடியும்வரை உதைக்க வேண்டாம். 70 மி.மீ. போரும் (சிலிண்டர் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் நீளம்) கொண்ட எஞ்சின் அது. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் பொறி விழுந்துவிட்டால், அந்தக் கனமான ஃபிளைவீல் பின்னோக்கிச் சுழன்று எலும்பையே முறித்துவிடும்.

நீங்கள் பாயிண்ட் இடைவெளியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். டைமிங்கைப் பற்றி, அதாவது பொறி எந்தக் கணத்தில் விழுகிறது என்பதைப் பற்றி, எழுதவில்லை. இரண்டும் வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் பொருத்திய தட்டின் கீழே உள்ள ஆட்டோ அட்வான்ஸ் பகுதியைக் கழற்றிப் பாருங்கள். அங்கே இரு சிறு எடைகளும் இரு ஸ்பிரிங்குகளும் இருக்கும். வண்டி வேகமெடுக்கும்போது எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டி விழச் செய்யும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துவிட வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் கிரீஸ் கோந்தாக இறுகி, எடைகள் விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது ஓடும் எஞ்சினுக்கு உரிய நேரத்தில் விழ வேண்டிய பொறி, உதைக்கும்போதே விழுந்துவிடுகிறது. உங்கள் கணுக்காலை அடித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் அழுத்தியபடி மேலே வரும்போது), எடைகள் முழுவதும் உள்ளடங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்குமாறு வையுங்கள். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைத் திருப்பினால், தாள் நழுவும் கணமே திறக்கும் கணம். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளப்பது துல்லியமாக இராது. நிதானமாக இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள்.

உதைக்கும் முறையும் முக்கியம். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தி வந்தால், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, டிகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உடல் எடையோடு ஒரே உதை. இடையில் தயங்கி நிறுத்தாதீர்கள்.

பழையலேத் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்கள் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆயில் மேலே வருகிறதா என்று வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்து, வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ராக்கருக்குப் போவது திரும்பி வரும் பம்பின் ஆயில். பிக் எண்டுக்குப் போவது வேறொரு பம்பின் ஆயில். டைமிங் கவருக்குள் கிராங்க் ஷாஃப்ட் முனையில் உட்காரும் சிறு கார்க் சீலைப் போட மறந்தாலும், அது நசுங்கியிருந்தாலும், ராக்கரில் ஆயில் வழியும். பிக் எண்ட் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் மாற்றிய புது பேரிங் சில கிலோமீட்டரில் போய்விடும். அந்த சீலைப் புதிதாகப் போட்டீர்களா என்று நினைவில்லையென்றால், கவரைத் திறந்தே பார்த்துவிடுங்கள்.

டேங்கைப் பொறுத்தவரை, சிவப்பும் உங்கள் குடும்பத்தின் வரலாறுதான் என்றாலும், என் விருப்பம் கறுப்பே. திருவொற்றியூர் ஆலையில் அந்தப் பொன்னிறக் கோடுகளைக் கையால்தான் வரைந்தார்கள்; ஸ்டிக்கர் ஒட்டி அந்த வேலையைக் கெடுத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். ரப்பருக்கடியில் உள்ள அந்த உள்ளங்கை அளவு வண்ணத்தை மட்டும் சுரண்டாமல் சுற்றிலும் மறைப்பு ஒட்டிப் பூசச் சொல்லுங்கள். ரப்பர் மூடிவிடும்; யாருக்கும் தெரியாது; ஆனால் அசல் அங்கேயே இருக்கும்.

வண்டிவாசல் எழுதியது:

பதிவு பற்றி. மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர வாகனங்களைப் பழமை வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிவு எண் பெறுபவர்களுக்கு 'வி.ஏ.' வரிசை, ஏற்கெனவே எண் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. தந்தையாரை உட்கார வைத்துத் தெருவில் ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே வழக்கமான புதுப்பிப்பே உங்களுக்கு ஏற்றது: படிவம் 25, காப்பீடு, வண்டியை நேரில் காட்டுதல். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன் மூன்றும் அன்று ஒழுங்காக இருக்க வேண்டும். எஞ்சின், சேசிஸ் எண்கள் தெளிவாகத் தெரியும்படி வண்ணம் பூசாமல் விடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆட்டோ அட்வான்ஸைக் கழற்றியபோது ஓர் எடை முழுவதும் விரிந்தபடி ஒட்டியிருந்தது. ஸ்பிரிங் ஒன்றின் கொக்கி நிமிர்ந்துபோயிருந்தது. இரு ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். கார்க் சீல் இருந்தது, ஆனால் ஓரம் கிழிந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். டைமிங் வைத்து முடித்தபின் மூன்றாவது உதையில் எஞ்சின் ஓடியது. கிக்கர் ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "டேப்பெட் சத்தமே இல்லையே, ரொம்ப இறுக்கி வைத்துவிட்டாயா?" என்றார். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்தபின் திறந்து பார்த்தேன். எக்ஸாஸ்ட் வால்வை இயக்கும் புஷ்ராடு விரலால் திருப்பினால் சுழலவே இல்லை. தளர்த்தி வைத்திருக்கிறேன், இப்போது அவருக்குப் பழக்கமான சத்தம் வருகிறது.