கழுத்து அடிக்கு இழப்பீடு: இப்போதே கையெழுத்துப் போடலாமா?

வணக்கம். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் நெரிசலில் நின்றிருந்த எங்கள் கார் மீது பின்னாலிருந்து ஒரு லாரி மோதியது. அன்று அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது. இது விப்லாஷ் (கழுத்து திடீரென முன்னும் பின்னும் உதறுவதால் வரும் காயம்), தசைநார் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார் டாக்டர். இன்னும் பிசியோ போகிறார். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் தோளோடு சேர்த்துத்தான் திரும்புகிறார்.

24 மணி நேரத்துக்குள் எங்கள் இன்சூரன்ஸில் ரிப்போர்ட் செய்துவிட்டோம். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இப்போது எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் ஒரு தொகையைச் சொல்லி, 'முழுமையான, இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறது. வழக்குப் போட 3 வருடம் இருக்கிறதே, அப்புறம் ஏன் இந்த அவசரம்? அம்மாவோ போட்டுத் தொலை என்கிறார்.

பிசியோ முடியும்வரை காத்திருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விபத்து வழக்குப் பார்க்கும், தமிழ் பேசும் வக்கீல் தெரிந்தால் சொல்லுங்கள். கட்டணம் எப்படி என்பதையும்.