தூத்துக்குடி மாவட்ட ஆளுமைகள்: விளையாட்டு, கல்விப் பகுதிக்கு விவரம் தேவை

வணக்கம் உறவுகளே. மாவட்ட ஆளுமைகள் பட்டியலில் அரசியலுக்கும் இலக்கியத்துக்கும் குறைவில்லை. ஒட்டப்பிடாரம் வ.உ.சி. (1872), எட்டயபுரம் பாரதி (1882), இடைசெவல் என்ற ஒரே சிற்றூரிலிருந்து கி.ரா.வும் கு. அழகிரிசாமியும். கல்வியில் சாயர்புரம் ஜி.யு. போப்போடு நிற்கிறது. விளையாட்டு இன்னும் மோசம். இத்தனை ஹாக்கி வீரர்களைத் தந்த கோவில்பட்டிக்கு மாரீஸ்வரன் சக்திவேல் பெயர் மட்டும் இருப்பது நியாயமே இல்லை.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இம்மாவட்டம் 1986 அக்டோபரில்தான் பிரிந்தது. பழைய மலர்களில் எல்லாரும் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றே இருப்பார்கள். எனவே மாவட்டத்தை விட்டுவிட்டு ஊர், வட்டம் பெயரில் தேடுங்கள். பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் தனித்தனியே எழுதுங்கள். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊர் இன்றும் நெல்லை மாவட்டம்தான், வாழ்ந்ததோ கோவில்பட்டி.

தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள், இல்லையேல் இருவர் ஒருவராகிவிடுவார்கள். ஹாக்கிக்கு அணி, போட்டி, ஆண்டு மூன்றும் வேண்டும். ‘தேசிய வீரர்’ என்று மட்டும் சொன்னால் மாநில அணியா, இந்திய அணியா என்று தெரியாது. பள்ளி ஆண்டுமலர், கல்வெட்டு, பழைய நாளிதழ் எதுவானாலும் தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். வீராங்கனைகள், தலைமையாசிரியைகள் பெயர்களை முதலில் அனுப்பினால் பெரிய உதவி.