புதுப்பிப்பு: அம்மாவோடு சீரங்கப்பட்டணம் போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கோபியிலிருந்து ஒரே நாளில் சீரங்கப்பட்டணம் கூட்டிப்போய் வர முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோமுங்க. "ஒரு ராத்திரி தங்குங்க" என்றவர்கள் சொன்னதுதான் சரி. வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் வண்டிகளுக்கு இரவுத் தடை. ஒரே நாளென்றால் எதையும் நின்று பார்க்க முடியாது.

அரங்கநாதர் தரிசனம் சீக்கிரமே முடிந்தது. மனதைப் பிடித்துக்கொண்டது தரியா தௌலத். 1784இல் திப்பு கட்டிய தேக்கு மரக் கோடை மாளிகை, சுற்றிலும் தோட்டம். மேற்குச் சுவரில் 1780 பொள்ளிலூர்ப் போர் ஓவியம். ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற அந்த இடம் நம் காஞ்சிபுரத்துப் பக்கம்! தீரன் சின்னமலை திப்புவுக்குத் துணை நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சுவரை விட்டு நகர மனமில்லை.

திப்பு குடும்பத்தின் கல்லறை மண்டபமான கும்பஸில் படிகள் உண்டு. அம்மா தோட்டத்து நிழலிலேயே உட்கார்ந்துகொண்டார். கறுப்புத் தூண்கள் சூழ்ந்த அந்தக் கட்டடத்துக்குள் ஹைதர், திப்பு, திப்புவின் தாய் மூவரின் கல்லறைகளும் இருக்கின்றன.

மாலையில் காவிரியின் கிளைகள் கூடும் சங்கமத்தில் காலை நனைத்தபடி அம்மா சொன்னார்: "இந்தத் தண்ணிதானே நம்ம பவானி கூடுதுறைக்கு வருது."